படுக்கை ஓட்டு

போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்ட பிறகும் ஹெலன் அக்கா தூங்குகிறவளைப்போல் இல்லை. மல்லாந்து கிடந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. இன்பராஜ் தெருப்பக்க ஜன்னலுக்குப் போய், வெளியிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தால் என்ன தெரியும் என்று கழுத்தை நீட்டிப் பார்த்தான். மூக்கு தெரிந்தது. உயிர் போன மூக்குக்கு எங்கிருந்தோ ஒரு கூர்மை வந்துவிடுகிறது. காட்டிக் கொடுக்க அது ஒன்றே போதும்.

“மெர்சி, அந்தப் பக்கம் கொஞ்சம் புடி. சுவரைப் பாக்கத் திருப்பிடலாம்.”

அவன் மனைவி கதவு நிலையை விட்டு நகரவில்லை. “எனக்குக் கை வரலங்க.”

ஆகவே அவனே செய்தான். தோளுக்கடியில் கை கொடுத்துப் புரட்டினான். நோய் தின்று மிச்சம் வைத்த உடம்பு, சொன்னபடி கேட்டது. முழங்காலை லேசாக மடக்கினான். வலது கையை எடுத்துக் கன்னத்துக்கு அடியில் வைத்தான். அக்கா அப்படித்தான் தூங்குவாள். ஷூ கம்பெனியில் தையல் மிஷின்மேல் பகல் முழுக்கக் குனிந்துவிட்டு வந்து, தின்ற தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கன்னத்துக்குக் கையைக் கொடுத்துச் சரிந்தால் விடிந்தபிறகுதான் எழுவாள். அம்மா செத்தபிறகு அந்த முதுகோடு ஒட்டிப் படுத்து வளர்ந்தவன் அவன். அந்தத் தூக்கத்தை அவனைப்போல் அச்சு அசலாக வேறு யாரும் வைத்திருக்க முடியாது.

மறுபடி ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தான். முதுகும் நரைத்த கொண்டையும் மட்டும் தெரிந்தன. நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்று மனசு சொன்னதும் ஜன்னலை விட்டு விலகினான்.

“ஏங்க, மணி அடிக்கச் சொல்லிடலாங்க” என்றாள் மெர்சி.

“மத்தியானம் வரைக்கும்தான் மெர்சி. எண்ணி முடிச்சதும் நானே போய்ச் சொல்றேன்.”

“அண்ணி செத்துட்டாங்க.”

“நான் இன்னா இல்லன்னா சொல்றேன்? மத்தியானம் செத்தாங்கன்னு வச்சிக்கயேன். அவங்களுக்கு இனிமே இன்னா நேரம், காலம்?”

மெர்சி அவனைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பான். அவள் ஏதோ புது ஆள் வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல் பார்த்தாள். அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஃபேனைக் கூட்டி வைத்தான்.

ஆம்பூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மீட்பர் ஆலயத்தில் ஒரு வழக்கம் உண்டு. சபையில் யாராவது இறந்தால் கோயில் மணி தனித்தனியாக, இழுத்து இழுத்து அடிக்கும். அந்தப் பிரேதத்தை அடக்கம் பண்ணுகிறவரைக்கும் சபையில் தேர்தல் நடக்காது. வெகுகாலத்துக்கு முன்னால் ஒரு தேர்தலில் இரண்டு கட்சியும் நாற்காலியைத் தூக்கி அடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கிழவனாரின் சவப்பெட்டி உள்ளே கொண்டுபோக நாதியில்லாமல் வெளிவாசலில் வெயிலில் கிடந்ததாம். அன்றைக்குப் பெரியவர்கள் வெட்கப்பட்டுப் போட்ட விதி. வெட்கம் போய்விட்டது, விதி மட்டும் தங்கிவிட்டது.

அதன் பலனாகத் தேர்தல் மாதத்தில் நோயாளிகளுக்கு அங்கே கிடைக்கும் கவனிப்பு வேலூர் ஆஸ்பத்திரியில்கூடக் கிடைக்காது. இரண்டு அணியும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, கட்டிலைச் சுற்றி நின்று, “ஆண்டவரே, இந்த ஞாயிற்றுக்கிழமை தாண்டுகிற மட்டும் பெலன் தாரும்” என்று கண்ணீரோடு ஜெபிக்கும். போன தடவை ஒருவர் தன் மாமனாரின் சாவை ஒரு பகல் மூடிவைத்து ஓட்டு வாங்கியது வெளியே வந்து நாறிப்போனது. அப்போது கமிட்டியில் மேஜையைத் தட்டி எழுந்து, “பொணத்தை ஒளிச்சு வச்சுப் பதவிக்கு வர்றவன் இந்தச் சபைக்குத் தேவையா?” என்று கேட்டு, சாவு நடந்த ஒரு மணி நேரத்துக்குள் மணி அடித்தாக வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் யார் என்று கேட்டால், சபையில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். இன்பராஜ்தான். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

இப்போது அவன் நிற்பது பேராய கவுன்சிலுக்கு. சபைகளை எல்லாம் ஆள்கிற அந்தக் கவுன்சிலில் ஆயர்மார் ஒரு பக்கமும், சபைகள் ஓட்டுப் போட்டு அனுப்பும் பிரதிநிதிகள் ஒரு பக்கமும் உட்காருவார்கள். மூன்று தடவை நின்று மூன்று தடவை தோற்றிருந்தான். தோல் ரசாயனக் கம்பெனியில் மேனேஜர், சொந்த வீடு, மகன் ஓசூரில் நல்ல வேலை, எல்லாம் இருந்தும் பெயருக்குப் பின்னால் ஒன்றுமில்லை என்பது பல்லிடுக்கில் சிக்கிய நார்போல அவனை உறுத்தியது.

“கவுன்சிலுக்குப் போய் இன்னாடா பண்ணுவ?” என்று அக்கா போன மாதம்தான் கேட்டாள். மூச்சு வாங்க வாங்கக் கேட்டாள். “டீ குடிப்ப. ஃபைலு குடுப்பாங்க, அக்குள்ல வச்சிக்குவ. எவனாவது பேசினா எழுந்து நின்னு கத்துவ. அவ்ளோதான?”

“உனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. போன தடவை எனக்குத்தான ஓட்டு போட்ட?”

“அது ரகசிய ஓட்டுடா” என்று சொல்லி, இருமல் வருகிறமட்டும் சிரித்தாள்.

இந்தத் தடவை ஜெயித்துவிடலாம் என்று ஒரு கணக்கு இருந்தது. எதிரே நிற்கும் ஆல்வினின் பெரிய வகையறா முழுக்க ஏலகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. தேர்தல் தள்ளிப்போனால் அடுத்த ஞாயிறு அத்தனை பேரும் கல்யாணப் புடவையோடு வரிசையில் நிற்பார்கள். அந்தக் கணக்குத்தான் விடியற்காலையில், அக்காவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்த அடுத்த நிமிஷமே, அவன் மண்டையில் ஓடியது. அழுகைக்கு முன்னால் அது ஓடியது. அதை அவன் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

கோயில் வாசலில் அவனுடைய ஃபிளெக்ஸ் பனைமர உயரத்துக்கு நின்றது. வெள்ளைச் சட்டையில் கைகூப்பி நின்ற இன்பராஜின் தலைக்குமேல் ‘தாழ்மையின் சிகரமே!’ என்று எழுதியிருந்தது. பின்னால் ஆதரவாளர் வீட்டு மாடியில் பிரியாணி அண்டா தம்மில் இருந்தது. ஓட்டுக்குச் சோறு போடக் கூடாது என்று விதி இருப்பதால் அதற்கு ‘அன்பின் விருந்து’ என்று பெயர்.

ஆராதனையில் அவன் முன்வரிசையில் உட்கார்ந்தான். வலப்பக்கம் பெண்கள் வரிசையில் தூண் ஓரமாக அக்காவின் இடம் காலியாக இருந்தது. அவள் படுத்த படுக்கையான நாளிலிருந்து அங்கே யாரும் உட்காருவதில்லை. திராட்சை ரசம் பரிமாறிய திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவ எழுந்துபோக வசதியாக அந்த ஓரத்தை அவள் பிடித்து வைத்திருந்தாள்.

ஆயர் பிரேம்நாத் பிரசங்கத்தைச் சுருக்கினார். அவருக்கும் இந்தத் தேர்தலில் ஒரு சின்ன அக்கறை உண்டு. கவுன்சில் கூடியதும் அங்கே இன்னொரு தேர்தல் நடக்கும், நிர்வாகக் குழுவுக்கு இத்தனை ஆயர், இத்தனை சபையார் என்று. அதில் நிற்பதற்கு அவர் வெகுநாளாக ஆண்டவருடைய நடத்துதலைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆண்டவர் நடத்தினாலும் ஓட்டுப் போட மனுஷன் வேண்டுமே. இன்பராஜ் அந்த மனுஷன்.

கடைசியில் வியாதியஸ்தருக்கான ஜெபம் வந்தது. ஆயர் கண்ணை மூடி இரண்டு பெயர்களைச் சொன்னார். பிறகு குரலை உருக்கினார்.

“விசேஷமாக, எங்கள் அன்புச் சகோதரி ஹெலனை உம்முடைய சமுகத்தில் வைக்கிறோம், சுவாமி. அந்தப் படுக்கையண்டை வாரும். அந்தச் சரீரத்தைத் தொடும். அவள் எழுந்து நடக்க…”

சபை “ஆமென்” என்றது. பக்கத்தில் இருந்தவர்கள் இன்பராஜைக் கனிவோடு பார்த்தார்கள். அவன் உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்து, “ஆமென்” என்றான். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பின்னாலிருந்து ஒரு கை அவன் தோளைத் தட்டிக் கொடுத்தது. திரும்பினான், ஆல்வின்.

“கவலப்படாத இன்பா. அக்கா எழுந்துருவாங்க.”

ஆல்வின் அவனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவன். ஷூவுக்கு இன்சோல் வெட்டிக் கொடுக்கும் சின்னப் பட்டறை வைத்திருந்தான். தாயில்லாத தம்பிக்கு அக்கா கட்டிக் கொடுத்த எலுமிச்சம் சோற்றில் பாதியைத் தின்று வளர்ந்தவன்.

ஓட்டுப்பதிவு ஒழுங்காக நடந்தது, அதாவது ஒரு தடவைதான் கைகலப்பு. பெட்டியை மூடுகிற நேரத்தில் தேர்தல் அதிகாரி தானியேல் சார் எழுந்து தொண்டையைச் செருமினார். ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். கையில் பிரம்பு இல்லையே தவிர, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

“படுக்கை ஓட்டு ரெண்டு வாங்கியாச்சு. இன்னும் ஒண்ணு பாக்கி. ஹெலன்.”

எழுந்து வரமுடியாதவர்களின் வீட்டுக்கு அதிகாரியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஓட்டு வாங்குவது அந்தச் சபையின் ஏற்பாடு. இன்பராஜுக்கு அது மறந்தே போயிருந்தது. இத்தனை கணக்குப் போட்டவனுக்கு இந்த ஒன்று மறந்துபோனது.

“அக்காவுக்கு வேணாம் சார்” என்றான். “ரொம்ப முடியல. வுட்டுடுங்க.”

“வேணாம்னு அவங்க சொல்லணும். நீ சொல்லக் கூடாது. விதி தெரியாதா உனக்கு? கமிட்டியில மேஜைய மட்டும் நல்லா தட்டுற.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். “வாங்க சார், நானும் வர்றேன்” என்று ஆல்வின் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். “என் சார்பா ஒரு ஆள் வரணும்ல. நானே வந்தா அக்காவையும் பாத்த மாதிரி ஆச்சு.”

தெரு முழுக்க வெயில் காய்ந்தது. தானியேல் சார் பெட்டியைக் குழந்தைபோல் மார்போடு அணைத்தபடி முன்னால் நடந்தார். வழியில் நுங்கு விற்கிறவனிடம் ஆல்வின் நின்றுவிட்டான். “இருங்க சார், ஒரு நிமிஷம். அக்காவுக்கு நுங்குன்னா புடிக்கும்.” அவன் பொறுக்கிப் பொறுக்கி இளசாக வாங்கும்வரை இன்பராஜ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். முன்னால் ஓடிப்போய் மெர்சியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று கால் துடித்தது. ஓடினால் ஏன் ஓடுகிறாய் என்பார்கள்.

மெர்சி வாசலில் வந்து நின்றாள். பெட்டியைப் பார்த்தாள், ஆல்வின் கையிலிருந்த நுங்குப் பையைப் பார்த்தாள். கணவனைப் பார்க்கவில்லை.

“அண்ணி தூங்கறாங்க” என்றாள்.

தானியேல் சார் அங்கேயே நின்றுவிட்டார். ஆல்வின் மட்டும் ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தான்.

“ஹெலன் அக்கா…” என்று மெதுவாகக் கூப்பிட்டான். “அக்கா, நான்தான், ஆல்வினு.”

ஃபேன் கடகடவென்று சுற்றியது. கொண்டையிலிருந்து பிரிந்த ஒரு நரைமயிர் காற்றில் எழுந்து எழுந்து விழுந்தது. அந்த மயிர் அசைவதைப் பார்த்து இன்பராஜுக்கு நிம்மதி வந்தது. அப்படி வந்ததே என்று அடுத்த நொடி உடம்பு கூசியது.

“மே மாசத்துல இன்னா போர்வை?” ஆல்வின் கேட்டான்.

“குளிருதுன்னாங்க” என்றாள் மெர்சி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பொய் சொல்லி இன்பராஜ் கேட்டதில்லை. பழக்கமில்லாத கையால் ஊசியில் நூல் கோப்பதுபோல் அந்தப் பொய்யைச் சொன்னாள்.

“தூங்கறவங்கள எழுப்பி ஓட்டு வாங்கறது முறையில்ல” என்றார் தானியேல் சார். “நடங்க.”

ஆல்வின் நுங்குப் பையை மெர்சி கையில் கொடுத்தான். “எழுந்ததும் குடும்மா. கொஞ்சம் கொஞ்சமா குடு.” திரும்பி நடக்கையில் இன்பராஜின் தோளில் கை போட்டுக்கொண்டான். “உண்மையச் சொல்றேன் இன்பா, இந்த வாட்டி நீ ஜெயிச்சாலும் எனக்கு வருத்தமில்ல. அக்கா கண்ணால ஒரு தடவ பாத்துட்டுப் போகட்டும்.”

இன்பராஜ் ஜெயித்தான். சும்மா இல்லை, அமோகமாக ஜெயித்தான். தானியேல் சார் எண்ணிக்கையை வாசித்தபோது அவன் மனசுக்குள் கூட்டிக் கழித்தான். பிறகு நம்ப முடியாமல் இன்னொரு தடவை கூட்டிக் கழித்தான். ஏலகிரிக் கல்யாணத்துக்குப் போனவர்கள் மாப்பிள்ளை, பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்து ஓட்டுப் போட்டிருந்தாலும் அவன்தான் ஜெயித்திருப்பான். அடுத்த ஞாயிறு வைத்திருந்தாலும் அவன்தான்.

அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே தோளில் பொன்னாடை விழுந்தது. ஆயர் பிரேம்நாத் கட்டிப் பிடித்துக்கொண்டார். “தேவ சித்தம் இன்பராஜ், தேவ சித்தம். கவுன்சில்ல பாத்துக்கலாம்” என்று காதில் சொன்னார். எவனோ கழுத்தில் ரோஜா மாலையைப் போட்டான். இன்னொருவன் பட்டாசுச் சரத்தைத் தோளில் சுருட்டிக்கொண்டு, “வீட்டாண்ட போய் வெடிக்கலாம் வாங்கண்ணே!” என்றான். வேண்டாம் என்று அவன் சொல்லத்தான் சொன்னான். தாழ்மையின் சிகரம் வேண்டாம் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

வீட்டு கேட் அருகே சரத்தை விரித்தார்கள். அவன் ஒருவன் மட்டும் உள்ளே போனான். மெர்சி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நுங்குப் பை பிரிக்காமல் ஜன்னல் திண்டில் இருந்தது. அடுத்து அவன் செய்ய வேண்டியது கத்துவது. எப்படிக் கத்துவது என்று கோயிலிலேயே யோசித்து வைத்திருந்தான். அக்காவின் தோளைத் தொட்டான். மரக்கட்டையைத் தொட்டதுபோல் இருந்தது. வாயைத் திறந்தான், யோசித்து வைத்த சத்தம் வரவில்லை. வேறொன்று வந்தது. அவனுக்கே தெரியாத, அடித்தொண்டையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த சத்தம். அதற்குள் வெளியே திரி பற்றிக்கொண்டிருந்தது. நாலு வெடி வெடித்தபிறகுதான் யாரோ ஓடிவந்து சரத்தைச் செருப்புக் காலால் மிதித்து அணைத்தார்கள்.

தோளில் கிடந்த பொன்னாடையோடேயே அவன் அழுதுகொண்டிருந்தபோது ஆயர் வந்தார்.

“எப்போ தம்பி?”

“இப்பத்தான் ஐயா.” அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நாக்கு நிற்கவில்லை. “உள்ள வந்து ஜெயிச்சிட்டேன்கான்னு சொன்னேன். திரும்பி ஒரு சிரிப்பு சிரிச்சாங்க. அவ்ளோதான்.”

கூட்டத்தில் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். மெர்சி எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். உள்ளே குழாயைத் திறந்துவிட்ட சத்தம் வெகுநேரம் கேட்டது. கோயில் மணி அப்போதுதான் அடிக்கத் தொடங்கியது, தனித்தனியாக, இழுத்து இழுத்து.

பிரேதத்தைக் குளிப்பாட்டச் செல்லம்மாள் வந்தாள். அக்காவோடு சேர்ந்து திருவிருந்துக் கிண்ணம் கழுவுகிறவள். சபையில் எந்தப் பெண் செத்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கூட இரண்டு பெண்களை அழைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அழுதுகொண்டே போனவர்களின் அழுகை சட்டென்று நின்றது. வாளி நகர்ந்தது. கட்டில் கிறீச்சிட்டது. “அமுக்காத… வுடு… வுடுடி” என்று ஒரு குரல் தாழ்ந்து வந்தது.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த இன்பராஜ் கதவையே பார்த்தான். கைகுலுக்க வந்தவர்கள், வாழ்த்துவதா துக்கம் கேட்பதா என்று குழம்பி, இரண்டையும் ஒரே குலுக்கலில் முடித்துக்கொண்டு போனார்கள்.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. செல்லம்மாளின் ஈரக்கை மட்டும் வெளியே நீண்டது. “கத்திரிக்கோல் இருக்கா மெர்சி?”

“எதுக்குக்கா?”

“ஜாக்கெட்டு கை நுழையல. பின்னால வெட்டித்தான் போடணும்.”

ஹெலன் அக்காவின் தையல் பெட்டியிலிருந்தே மெர்சி கத்திரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள்.

எல்லாம் முடிந்தபிறகு செல்லம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நேராக இன்பராஜிடம் வந்து நின்றாள். இப்போதுதான் செத்த உடம்பு அதற்குள் எப்படி விறைத்தது என்று கேட்பாள் என்று அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கேட்டால் சொல்ல இரண்டு பதில் தயாராக இருந்தது. வியாதி அப்படி, மருந்து அப்படி.

“காலை நீட்டிட்டேன் தம்பி” என்றாள். “கையும் கழுத்தும் வரல. ஒடிச்சாத்தான் வரும். எங்கூட கிண்ணம் கழுவின கை, நான் ஒடிக்க மாட்டேன்.” அவன் முகத்தை விட்டுவிட்டுப் பொன்னாடையைப் பார்த்துப் பேசினாள். “அப்படியே ஒருக்களிச்சுத்தான் வைக்கணும். பொட்டி வாங்கறப்ப ஆழமாப் பாத்து வாங்கு.”

சவப்பெட்டிக் கடைக்கு ஆல்வின்தான் தன் காரில் கூட்டிப் போனான். மறுக்கத் தெரியவில்லை. கடைக்காரர் தேக்கு, வேப்பமரம், உள்ளே வெல்வெட், பக்கத்தில் பித்தளைப் பிடி என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். மாலையின் இதழ் ஒன்று இன்பராஜின் காலரில் ஒட்டியிருந்ததைப் பார்த்து, ஏதோ பெரிய இடம் என்று நினைத்து, “சாருக்கு நல்லதாவே குடுத்துடலாம்” என்றார்.

“ஆழமா இருக்கணும்” என்றான் இன்பராஜ்.

“ஆள் தாட்டியா சார்?”

“இல்ல. ஒல்லிதான்.”

“அப்புறம் எதுக்கு சார் ஆழம்?”

கடையில் மரத்தூள் வாசனை கனத்தது. இழைப்புளியை ஓட்டிக்கொண்டிருந்த ஆள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தான். இன்பராஜ் ஒரு பெட்டியின் விளிம்பை, கம்பெனியில் தோலின் தரம் பார்க்கிறவனைப்போல், விரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

“இருந்தா குடுங்களேன்” என்றான் ஆல்வின். சொல்லிவிட்டுக் கடைக்கு வெளியே போய், ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். காலையில் ஜன்னல் கம்பியைப் பிடித்த கையைச் சட்டையில் துடைப்பதுபோல் இன்பராஜுக்குப் பட்டது. வெயில், வியர்த்திருக்கும்.

மறுநாள் காலை அடக்க ஆராதனை. கோயில் நிறைந்திருந்தது. பீடத்துக்கு முன்னால் பெட்டி திறந்திருந்தது. வெள்ளைப் புடவையில் ஹெலன் அக்கா வலது கையைக் கன்னத்துக்குக் கொடுத்து, ஒருக்களித்துப் படுத்திருந்தாள். சுற்றிலும் பூவை அள்ளிப் போட்டு மறைக்கப் பார்த்திருந்தார்கள். கை மறையவில்லை. முகம் முன்வரிசைப் பக்கம் திரும்பியிருந்தது. இன்பராஜ் வேறு எங்கே உட்கார்வது? பேராய கவுன்சில் உறுப்பினருக்கு முன்வரிசைதான்.

“நம்முடைய பேராய கவுன்சில் உறுப்பினர் திருவாளர் இன்பராஜ் அவர்களின் உடன்பிறந்த சகோதரி” என்று ஆயர் பிரேம்நாத் ஆரம்பித்தார். அந்தப் பட்டத்தோடு அவன் பெயர் அந்தக் கோயிலில் ஒலித்தது அதுதான் முதல் தடவை. “எப்படிப்பட்ட மரணம் பாருங்கள், சபையாரே! தம்பியின் வெற்றிச் செய்தியைக் காதால் கேட்டு, திரும்பிப் பார்த்து, புன்னகை செய்து…” ஆயர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு கொஞ்சம் இடைவெளி விட்டார். அந்த இடத்தில் சபை “ஆமென்” சொல்வது வழக்கம். பின்வரிசையில் ஆண்கள் பக்கத்திலிருந்து நாலு பேர் சொன்னார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து வரவில்லை. செல்லம்மாள் தூண் ஓரத்து இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் இருந்த பாட்டுப் புத்தகத்தின் முனையை நிமிண்டிக்கொண்டிருந்தாள். மெர்சி தலை முக்காட்டை முகம் தெரியாமல் இழுத்துவிட்டிருந்தாள்.

கடைசிப் பார்வைக்கு வரிசை நகர்ந்தது. எந்தச் சாவானாலும் அந்தச் சபையில் பெட்டியைக் கடக்கிற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொல்கிற வார்த்தை ஒன்று இருக்கிறது. லாரி அடித்துச் செத்தவனைப் பார்த்தும் சொல்வார்கள். “தூங்கற மாதிரியே இருக்காங்களே” என்பார்கள். இன்பராஜ் அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொருத்தியாகப் பெட்டியருகே வந்தார்கள். கன்னத்துக்கு அடியில் இருந்த கையைப் பார்த்தார்கள். பூ வைத்தார்கள். சத்தம் போடாமல் காலடி எடுத்து வைத்துப் போனார்கள். ஒருத்தியும் சொல்லவில்லை.

ஆல்வின் கடைசியாக வந்தான். கொஞ்சம் நேரம் நின்றான். கொண்டையிலிருந்து பிரிந்து நெற்றியில் விழுந்திருந்த அந்த ஒற்றை நரைமயிரை விரலால் ஒதுக்கிவிட்டான். பிறகு இன்பராஜ் பக்கம் திரும்பாமலே, தலைமாட்டுப் பக்கத்துப் பித்தளைப் பிடிக்குப் போய் நின்றுகொண்டான். எதிர்ப்பக்கத்துப் பிடி இன்பராஜுக்காகக் காலியாக இருந்தது. எழுந்து போய்ப் பிடித்தான்.

“மூடிடலாமா?” என்று கேட்டான் சவப்பெட்டிக் கடையிலிருந்து வந்த ஆள்.

அவன் மூடியை எடுத்து, நோட்டம் பார்த்து, மெதுவாக இறக்கினான். கடைக்காரர் அளவு பார்த்துத்தான் கொடுத்திருந்தார். மூடி எங்கேயும் இடிக்கவில்லை.